இரண்டு பேர் ஓட்டிய கார்

என் கணவருக்கு இடது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற எங்கள் சிவப்புக் காரை நான்தான் ஓட்ட வேண்டியதாயிற்று. சின்னக் கார்தான். ஆனால் இறுக்கமான ஸ்டியரிங், தொட்டால் சீறும் எஞ்சின், கையால் மாற்றும் கியர். நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்த களைப்பிலும், அதில் எங்கள் நகரியத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இப்போது கிளட்சை மிதிக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வருவார். ஒரு குறையும் சொல்லமாட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், அவர் பிறந்தநாளுக்கு ஓர் ஏற்பாடு செய்தாள். சென்னைக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக்கில், நாங்கள் படத்தில் மட்டுமே பார்த்திருந்த சூப்பர் கார் ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டத் தருகிறார்களாம். அதில் கிளட்ச் கிடையாது, ஸ்டியரிங்கிலேயே விரலால் கியர் மாற்றலாம், அப்பாவால் ஓட்ட முடியும் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தாள்.

தரையோடு தரையாகக் கிடந்த அந்தக் காருக்குள் அவரை இறக்க நாங்கள் இரண்டு பேரும் கைகொடுத்தோம். கார் கிளம்பிய சத்தம் என் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. திரும்பி வந்தவரிடம் எப்படியிருந்தது என்று மகள் கேட்டாள். சூப்பர் என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஒரு சுற்று ஓட்டப் பணம் கட்டி வைத்திருந்தாள். நேர்ப்பாதையில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதையே மறந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மகளை பஸ் ஏற்றிவிட்டு, நான் ஓட்ட, எங்கள் சிவப்புக் காரில் ஊர் திரும்பினோம். பண்ருட்டி தாண்டியதும், உண்மையைச் சொல்லுங்கள், பிடித்ததா என்று கேட்டேன்.

"நல்ல வண்டிதான். ஆனா நான் ஓட்டுன மாதிரியே இல்ல. நான் நெனைக்கறதுக்குள்ள அதுவே எல்லாத்தையும் பண்ணிக்கினு போவுது. நம்ம வண்டின்னா ஒவ்வொரு வளைவுலயும் அதுங்கூட பேசிக்கினு போவணும்."

எனக்கென்னவோ அந்தக் கார்தான் பிடித்தது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

நகரியத்துக்குள் நுழைந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை. மரங்கள் கவிந்த அகலமான சாலையில் ஒரு வண்டியும் இல்லை. அவர் வலது கை கியர்மேல் வந்து உட்கார்ந்தது.

"நீ கிளட்ச்ச மட்டும் மிதி. கியர நான் போடுறேன்."

முதல் முறை என் கால் பிந்தியது. கியர் கரகரவென்று கத்தியது. "இப்போ" என்று அவர் சொல்லச் சொல்ல மிதித்தேன். அடுத்த வளைவில் நான் வேகத்தைக் குறைக்க, அவர் கியரை இறக்கியபோது எஞ்சின் ஒரு துள்ளலோடு பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் வழியாகச் சாலையின் ஒவ்வொரு மேடும் என் உள்ளங்கைக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் "இப்போ" சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் தோள் அசைவதை வைத்தே என் காலுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் குவார்ட்டர்ஸ் இருக்கும் பிளாக் வந்தும் நான் திருப்பவில்லை. அவரும் திருப்பச் சொல்லவில்லை. இன்னொரு சுற்று போனோம்.

வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் அவர் இறங்கவில்லை.

"நாளைக்கு ஸ்கூல் முடிஞ்சு எப்ப வருவ?" என்று கேட்டார்.