பிரேமாவதியின் நாற்பத்தொரு பக்கங்கள்

சுங்கை லாலாங்கில் பிரேமாவதி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பொஸ்தகப் பைத்தியம்' என்றால் வீட்டுவரை கொண்டுபோய் விடுவார்கள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு நாளில் தானே காகிதம் செய்து, தைத்து, ஒரே பிரதியாகக் கலைப் புத்தகங்கள் செய்வாள். பினாங்குக் கண்காட்சியில் வைப்பார்கள். வாசிக்க ஒரு கதைகூட இல்லாத புத்தகம் எதற்கு என்று நானும் கேலி பேசியவன்தான்.

எங்கள் ரப்பர் தோட்டத்து இடுகாட்டைச் சமப்படுத்தி வீடு கட்டப் போவதாக நோட்டீஸ் ஒட்டியதும் என் கேலி நின்றது. அங்கே நாற்பத்தொரு சமாதிகள். பதினான்காவது என் மகள் சாந்தினி. ஈர சிமெண்டில் ஆணியால் அவள் பெயரைக் கீறியவன் நான்.

பிரேமாவதி ஒவ்வொரு சமாதிமேலும் காகிதம் விரித்துக் கரியால் தேய்த்து எழுத்தை எடுத்தாள். என் கைநடுக்கம்கூட அதில் வந்தது. பார்த்து அழுதுவிட்டேன். போட்டோவும் எடுத்து வைக்கலாமே என்றேன்.

"போன்ல இருந்தா யாருண்ணே திரும்பிப் பாக்கப் போறா? இதத் தொட்டுத்தான் பாக்கணும்," என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

கரி உதிரத் தொடங்கியபோது முந்திக்கொண்டவன் நான். ஒழுகும் சாக்குக்கும் கிழிந்த செருப்புக்கும் ரப்பர் பால் பூசியே வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு வாளி கொண்டுவந்தேன். அவள் தண்ணீர் கலந்து பக்கம் பக்கமாகப் பூசி, காயவைத்து, மடித்து, புத்தகமாகத் தைத்துத் தகரப்பெட்டியில் வைத்தாள். மறுவாரம் இயந்திரங்கள் வந்தன. இடுகாட்டில் ஒரு கல் மிஞ்சவில்லை.

சில மாதம் கழித்து அவள் வீட்டில் ஒரு வாடை. எலி செத்திருக்கும் என்று அலமாரியை நகர்த்தினாள். எலி இல்லை. எனக்கு அந்த வாடை தெரியும். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் நாள்கணக்கில் கிடந்து கெட்ட பாலின் வாடை. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பயம்.

கண்காட்சிக்கு முதல்நாள் பெட்டியைத் திறந்தாள். புத்தகம் ஒரே பழுப்புக் கட்டியாக இருந்தது. கத்தியால் முதல் பக்கத்தைப் பிரித்தாள். எழுத்து பிசினோடு பிய்ந்து வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிரிச்சா போயிரும்ணே. பிரிக்காம விட்டா உள்ளயாவது இருக்கும்."

மூடச் சொன்னேன்.

நான் வாங்கிவந்த பெட்டி இப்போது என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், யாருக்கும் தெரியாமல். கண்காட்சியில் மகளின் பெயரைத் தொட்டுப் பார்க்கக் காத்திருக்கிறாள் என் மனைவி மருதம்மாள். கண்காட்சி தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மழை நாளில் வாடை தாங்கவில்லை. என்ன நாற்றம் என்று கேட்கிறாள். எலி என்கிறேன்.