எடை தெரியாத பை

“…அதுக்குத்தாண்ணே அன்னிக்கே சொன்னேன், குறுக்கால போட்டுக்காதீங்க, ஒரே தோள்ல மாட்டிக்குங்கன்னு. சரி, அத்த வுடுங்க. இப்ப கனக்குதா? அத மட்டும் சொல்லுங்க.”

சோரியாங்குப்பத்தில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு சாந்தி இப்படிக் கேட்டபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. சாந்தி, என் கூட்டாளி செல்வத்தின் மனைவி. என் தோளில் இருந்த கேமரா பை செல்வத்துடையது. போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து செல்வம் போய்விட்டான். அவளுக்கு நான் சொன்ன பதிலுக்கு முன்னால், அந்தப் பை என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஃபங்ஷன் போட்டோ வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதில் உபயோகமான சங்கதியும் உண்டு.

கேமரா வாங்கும்போது இனாமாகக் கொடுக்கிற பையைத்தான் நான் வருஷக்கணக்கில் சுமந்தேன். மெல்லிய ஸ்ட்ராப். உள்ளே ரெண்டு கேமரா பாடி, லென்ஸ்கள், ஃபிளாஷ், பேட்டரி. தை மாதம் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள், மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறார், என் விரல் ஷட்டர் மேல் இருக்கிறது, அழுத்த மாட்டேன் என்கிறது. தோளிலிருந்து விரல் நுனிவரை மரத்துப்போயிருந்தது. மணப்பெண்ணின் சித்தப்பா செல்ஃபோனில் எடுத்து வைத்திருந்த படம்தான் அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது.

டாக்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பையை மாத்துறியா, பொழப்ப மாத்துறியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு.” வேறு பிழைப்பு எனக்குத் தெரியாது. மகள் காலேஜில் படிக்கிறாள்.

பாண்டியில் கடை கடையாக ஏறினேன். எல்லாக் கடையிலும் ஒரே பேச்சு: “சார், மாட்டியிருக்கறதே தெரியாது சார்!” காலிப் பை யாருக்குத்தான் கனக்கும்? உங்கள் சாமானையெல்லாம் கடைக்கு எடுத்துப்போய் உள்ளே வைத்து, மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஸ்ட்ராப் உள்ளங்கை அகலமாவது வேண்டும், கழுத்தை அறுக்கக் கூடாது. பை இடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும், தொடையில் மோதக் கூடாது. மூடி உடம்புப் பக்கமிருந்து வெளியே திறக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே கையை மறிக்கும். நான் பார்த்ததில் ஒன்று சரியாக இருந்தால் இன்னொன்று சரியில்லை.

அப்போதுதான் சாந்தி ஃபோன் செய்தாள். “அவரு பை ஆணியில சும்மாதாண்ணே தொங்குது. எடுத்துக்கினு போங்க.” போனேன். பை எனக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. மார்புக்குக் குறுக்கே மட்டும் மாட்ட வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். “அவரு அப்பிடித்தான் போட்டுக்குவாரு,” என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. சீர்வரிசை, மாப்பிள்ளை அழைப்பு எதுவானாலும் போட்டோக்காரன் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பின்னுக்கே நடக்க வேண்டும். பள்ளம் தெரியாது, மாடு தெரியாது. அதனால் கூட்டாளி ஒருவன் பின்னால் நின்று பையைப் பிடித்துக்கொள்வான். இடது பக்கம் இழுத்தால் இடது, வலது பக்கம் இழுத்தால் வலது. பேச்சே வேண்டாம். என் பையை எப்போதும் பிடித்துக்கொண்டது செல்வத்தின் கை. அவன் போன பிறகு நான் தனியாகத்தான் போய்வந்தேன்.

சுத்துக்கேணியில் ஒரு காதுகுத்து. பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டுதான் வண்டியை விட்டு இறங்கினேன். மேளம் ஆரம்பித்தது, தாய்மாமன் சீர் கிளம்பியது. முன்னால் பெண்கள் தட்டோடு வர, நான் பின்னுக்கு நடந்தபடி எடுத்துக்கொண்டே போனேன். விரல் சொன்னபடி கேட்டது. தோளில் வலியே இல்லை. ஆஹா, பையென்றால் இதுவல்லவோ பை என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று பை இடது பக்கம் இழுத்தது. நானும் இடது பக்கம் ஒதுங்கினேன். வலது காலுக்குப் பக்கத்தில், மூடியில்லாத சாக்கடை வாய் பிளந்து கிடந்தது.

“தேங்ஸ்பா,” என்றேன், பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் திரும்பினேன். வெறும் தெரு. பை என் மார்புக்குக் குறுக்கே கிடந்தது. எப்போது அப்படிப் போட்டுக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

பந்தியில் தாய்மாமன் என்னைத் தேடி வந்தார். “இன்னாண்ணே நீங்க மட்டும் குந்தினுகீறீங்க? கூட வந்தவரு எங்க?”

“நான் தனியாத்தாங்க வந்தேன்.”

“வெளையாடாதீங்கண்ணே. பைக்குக் கீழ கைய குடுத்துத் தூக்கிப் புடிச்சிக்கினே வந்தாரே, நீல சட்டை. நல்லா ஒத்தாசையான ஆளு. கூப்புடுங்க, எல போட்டாச்சு.”

பக்கத்து இலையில் சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார்கள். நான் பையைத் திறந்து பார்த்தேன். பையில் இருந்த சாமான் அப்படியேதான் இருந்தது. அது ஏன் கனக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வில்லியனூரில் என் வீடு. அங்கே நிற்காமல் நேராக சோரியாங்குப்பத்துக்கு வண்டியை விட்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் பின்பக்கம், ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி அமுங்கி எழுந்தது. பையைக் கழற்றக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரமே ஒரு பாடியையும் பெரிய லென்ஸையும் வீட்டில் வைத்துவிட்டேன். இப்போது என்னால் தூக்க முடிகிற அளவுக்குத்தான் எடுத்துப்போகிறேன், விரல் மரப்பதில்லை. நல்ல பை எடையை உடம்பில் பரப்பித் தரும், இல்லாமல் ஆக்காது. எந்தப் பையாவது கொஞ்சமும் கனக்கவில்லை என்றால், நின்று, பின்னால் திரும்பிப் பாருங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

அன்றைக்கு வாசலில் சாந்தி கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னேன். “கனக்கலம்மா. கொஞ்சம்கூட.”

அவள் வாசற்படியிலிருந்து இறங்கினாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் போனாள். நான் திரும்பவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது, வீட்டு ஆளிடம் பேசுகிற குரல்: “போதுங்க. வுட்டுடுங்க. அண்ணன் பாத்துக்குவாரு.”

மொத்த எடையும் ஒரே மூச்சில் தோளில் இறங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டேன். சாந்தி கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி, வண்டிவரைக்கும் என் பின்னாலேயே நடந்து வந்தாள்.