கண்ணாடிக்கு மேலே

பேய், பிசாசு, ஆவி எதையும் நான் நம்பினவனல்ல. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினவன் நான். கடலுக்குப் போகிற என் ஐயா கண்ணூறு நாவூறு கழிக்கச் சொன்னால்கூடச் சண்டை பிடிப்பேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கோ, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அறுபதுகளின் தொடக்கம். முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்கு அயல்வீடு திரேசா அக்கா. அவாவின் புருஷன் சவிரியண்ணை கப்பலில் வேலைக்குப் போய், ஆபிரிக்காக் கரையில் மொம்பாசாவில் தங்கிவிட்டார். அங்கே உல்லாசப் பிரயாணம் வருகிற வெள்ளைக்காரரை, அடித்தட்டில் கண்ணாடி பதித்த வள்ளத்தில் ஏற்றிப்போய்ப் பவளப்பாறையும் மீனும் காட்டுகிற வேலை. கடிதம் வந்தால், ஞாயிறு பூசை முடிய, கவிழ்த்த வள்ளத்தில் ஏறியிருந்து நான்தான் வாசிக்க வேண்டும்; கரையே கூடிவிடும். அக்காவுக்கு ஒரே கேள்விதான்: "எப்ப வாறாராம்?" நாலு வருஷமாக அதற்கு மறுமொழி வரவில்லை.

அந்த ஞாயிறும் அப்படித்தான். "வெள்ளைக்காரிகள் நாள் முழுக்க மணலில் கிடந்து உடம்பைக் காய வைக்கிறார்கள்" என்று வாசித்தேன்.

"உப்புப் போடாமலோ?" என்றார் கூட்டத்தில் நின்ற பேதுரு அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தொடர்ந்து வாசித்தேன்: "கண்ணாடிக்கு மேலே வெள்ளைக்காரர் குனிந்து என்னைப் பார்க்கிறார்கள். எனக்குக் குளிருது."

"மேலையோ? அப்ப அவர் எங்கை நிக்கிறார் தம்பி?" என்றா அக்கா.

தாளைத் திரும்பவும் பார்த்தேன். அப்படியொரு வரியே இல்லை. மீன்களின் நிறத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தது. நம்பினால் நம்புங்கோ, அந்த வரியை அவருடைய கையெழுத்திலேயே கண்டு வாசித்தவன் நான். அக்காவின் முகம் வெளிறிப்போனது, படித்தவன் பிழைவிட்டானே என்ற வெட்கம் வேறு எனக்கு. "பிழையா வாசிச்சிட்டன் அக்கா" என்று சொல்லி, அவாவைத் தேற்ற ஒரு பொய்யை நானே கட்டி, தாளைப் பார்த்தபடி வாசித்தேன்: "அந்தோனியார் பெருநாளுக்கு வாறன். சிவப்புக் கரை போட்ட நீலச் சீலை ஒண்டு உனக்கு வாங்கி வைச்சிருக்கிறன்."

அவா சிலுவை போட்டுக்கொண்டா.

மூன்று கிழமை கழித்து, அங்கே அவரோடு கூட வேலை செய்தவரின் கடிதம் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் சிக்குப்பட்ட நங்கூரத்தை எடுக்கத் தண்ணிக்குள் சுழியோடிய சவிரியண்ணை மேலே வரவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கு, முதல் வள்ளத்தில் போன வெள்ளைக்காரர்தான் கண்ணாடிக்குள்ளால் அவரைக் கண்டார்களாம். அட்லஸைப் புரட்டி நேரக் கணக்குப் பார்த்தேன். அங்கே ஏழரை என்றால் எங்களுக்குப் பத்து மணி. அதே ஞாயிறு, பத்து மணிக்குத்தான் நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அதையாவது தற்செயல் என்று தள்ளிவிடலாம். பெருநாளன்று அவருடைய ட்ரங்குப் பெட்டி கொழும்பு வழியாக வந்து சேர்ந்தது. அக்கா திறக்கப் பயந்து என்னைக் கூப்பிட்டா. அவர் போட்ட இரண்டு சேட்டு, ஒரு செபமாலை, அடியில் கடதாசியில் சுற்றிய சீலை. நீலம். சிவப்புக் கரை.

"வாறன் எண்டவர் வந்திட்டார்" என்றா அக்கா.

அது நான் கட்டின பொய் என்று அவாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால், அது என்னுடைய பொய்தானா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது ஆருடைய கடிதமானாலும் வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் வாசிக்கிறேன். கடிதம் முடிந்து, விரல் வெறுந்தாளுக்கு வந்த பிறகும், சில வேளை என் வாய் இன்னொரு வரிக்குத் திறக்கிறது. இறுக மூடிக்கொள்கிறேன்.