கெடாத செட்டைச் சுமந்து தம்பானூருக்கு

எண்பத்திநாலாம் வருடம், மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி பஸ்ஸுக்கு மார்த்தாண்டத்தில் ஏறினேன். போகவேண்டிய இடம் திருவனந்தபுரம், தம்பானூர். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். சாக்கில் சுற்றிய ஆம்பிளிஃபயர் ஒன்று, தட்டு சுழலும் பிளேயரும் அதன் தலையிலேயே; துணிப்பையில் ஐந்து இசைத்தட்டு. வேறு சாமான் இல்லை.

நான் மைக்செட்டுக்காரன். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் போவேன். இருப்பது ஒரே செட்டு. வெள்ளிக்கிழமை சர்ச்சில் கொடியேற்று. பத்து நாளுக்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். செட்டு இல்லையென்றால் அந்தத் திருவிழா அடுத்தவனுக்குப் போகும். போனது பிறகு நம்மிடம் திரும்பாது.

செட்டுக்கு என்ன ஆனது என்று சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையின் தம்பி கப்பலில் வேலை செய்கிறவர். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஐந்து தட்டை என் கையில் தந்தார். பந்தி நேரத்தில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகளை அழைக்க விமான நிலையம் போய்விட்டார். முதல் தட்டைப் போட்டேன். ஊசி தொட்டதும் ஒரு இரைச்சல். தகரக் கூரையில் ஜல்லியைக் கொட்டினது போல. சோற்றில் கை வைத்தவர்கள் அந்தக் கையாலேயே காதைப் பொத்தினார்கள்.

எங்கள் தொழிலில் அப்படி இரைந்தால் நின்று யோசிக்கக் கூடாது. உள்ளே டிரான்ஸ்பார்மர் எரியப்போகிறது என்று அர்த்தம். மூன்று மூச்சுக்குள் அணைத்துவிட்டேன். அப்புறம் தொடவில்லை. மிச்சக் கல்யாணம் பாட்டில்லாமல் நடந்தது. கப்பல்காரர் வருவதற்குள் குழாய் ஸ்பீக்கர்களை அவிழ்த்து இறக்கிவிட்டேன். மறுநாள் காலையில் அவரும் கப்பலுக்குப் போய்விட்டார். தட்டுகள் என்னிடமே தங்கின.

பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. பையை என்ஜின் மூடிமேல் வைக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்தச் சூட்டில் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். மடியிலேயே வைத்துக்கொண்டேன். டிக்கெட் மூன்றே முக்கால் ரூபாய், சாக்குக்குத் தனியாக அரை டிக்கெட்.

களியக்காவிளை செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஏறினார். அந்தக் காலத்தில் அரிசி கடத்துகிறவர்கள் பஸ்ஸிலும் போவார்கள். என் சாக்கைக் காலால் தொட்டார்.

"அரிசியா?"

"ஆம்பிளிஃபயர் சார்."

"தட்டிக் காட்டும்."

தட்டினேன். தகரச் சத்தம் கேட்டது. என்ன கேடு என்று கேட்டார். தெரியவில்லை, அதைத் தெரியத்தான் போகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

அங்கிருந்து கேரளம். கடைப் பலகைகளில் எழுத்து மலையாளமாகி உருண்டுவிடும். பாறசாலை, நெய்யாற்றின்கரை. பாலராமபுரத்தில் நெசவுக்காரர்கள் வேட்டிக்கட்டுகளோடு ஏறினார்கள். அதற்குமேல் பஸ்ஸில் காலைத் தூக்கி வைக்க இடமில்லை. கரமனை ஆற்றுப் பாலம் தாண்டி, எட்டு மணிக்கு முன்னால் தம்பானூர். ஒரு பக்கம் ரயில் நிலையம், எதிர்ப்பக்கம் பஸ் நிலையம், சுற்றிலும் லாட்ஜுகள். ஒரு கடையில் புட்டும் பயறும் தின்று சாயா குடித்தேன். ஒன்றரை ரூபாய் ஆனது. ஆட்டோக்காரர் ஒருவர் சாக்கைப் பார்த்துவிட்டு, "எந்தரு அண்ணா, டி.வி.யா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி நடந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாசிலாமணியின் ரேடியோக் கடை. தக்கலைக்காரன். இருபது வருடமாக அங்கே இருக்கிறான். அவன் செட்டைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தான். வால்வுகளைக் கழற்றிப் பார்த்தான். கேடு ஒன்றும் இல்லை என்றான். ரேடியோவைச் சேர்த்தான். மலையாளச் செய்தி கண்ணாடி மாதிரி வந்தது. எனக்கு உயிர் வந்தது.

"இப்ப அந்தத் தட்டப் போடும்வே," என்றான்.

போட்டேன். அதே இரைச்சல். மாசிலாமணி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவிட்சைத் தேடாமல் வயரையே பிடுங்கிவிட்டான்.

"எரிச்சிருப்பீரே எனக்க கடைய!"

வந்த உயிர் போய்விட்டது. திரும்பவும் திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் செட்டையே பார்த்தான். பிறகு சொன்னான். மேலே மாடியில் ஒரு இசைத்தட்டுக் கடை இருக்கிறது, அங்கே வேறு பிளேயர் உண்டு. தட்டை அதில் போட்டுப் பார்க்கவேண்டும். அங்கேயும் இரைந்தால் என் ஊசி தட்டை அறுத்துவிட்டது. அங்கே நன்றாகப் பாடினால் என் செட்டுக்குள் ஏதோ ஒளிந்து கிடக்கிறது.

இரண்டில் எது வந்தாலும் எனக்குத்தான் அடி. ஒன்று என் செட்டு. இன்னொன்று அடுத்தவர் பொருள், நம் ஊரில் எங்கே தேடினாலும் கிடைக்காதது. பையை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

கடை சின்னதுதான். மூன்று பக்கமும் தட்டுகள். கோவளத்தில் தங்கும் வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போவதும், கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவதும் அங்கே வந்து சேரும். கடையை நடத்தியது வத்சலா என்ற பெண். முப்பது வயது இருக்கும், கரமனை அக்ரகாரத்துக்காரி. சமாச்சாரத்தைச் சொன்னேன். உட்காரச் சொல்லி, தட்டை வாங்கித் துணியால் துடைத்துப் போட்டாள்.

அங்கேயும் இரைந்தது.

"அப்போ எனக்க ஊசி அறுத்துட்டும்மா," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் அலமாரியில் தேடி, அதே அட்டை போட்ட இன்னொரு தட்டை எடுத்துவந்தாள். மேலே சுற்றிய காகிதம் பிரிக்காதது. என் முன்னால் காகிதத்தைக் கிழித்து, தட்டைப் போட்டாள். அதே இரைச்சல். அதே இடத்தில் ஒருவன் கத்தினான். அதே இடத்தில் நின்றது.

"கேடொண்ணும் இல்லை அண்ணாச்சி. இது பங்க் ஆக்கும்."

"எந்த பங்க்கும்மா? மார்த்தாண்டத்துல ரெண்டு இருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெட்ரோல் போடற எடம் இல்லை. இந்தப் பாட்டோட ஜாதிக்கே பேரு அது. அவா அப்படித்தான் பாடுவா."

"வேணும்ணேயா?"

"வேணும்ணேதான்."

என் செட்டும் கெடவில்லை, தட்டும் கெடவில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, மாசிலாமணிக்கும் தோன்றவில்லை. முதுகில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஏறியிருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது.

வத்சலா என் பையிலிருந்த மற்றதையும் பார்த்துச் சொன்னாள். ஐந்தில் மூன்று பழையது. விற்றுத் தீர்ந்ததால் கம்பெனி மறுபடி அச்சடித்தது. இரண்டு புதிதாக வந்தது. இந்த இரைச்சலை ஒருதடவை அடித்தது போதாதென்று மறுபடியும் அடித்திருக்கிறார்கள். அதையும் ஆள்கள் வாங்குகிறார்கள். கேட்டுக்கொண்டேன்.

புதியதில் ஒன்றை அவளே போட்டாள். அது வேறு மாதிரி. கிட்டார் மழை தூறுவது போல விழுந்தது. பாடியவன் பாதித் தூக்கத்தில் இருந்தான். அந்த மூன்றுக்கும் தம்பி முறையாகும் இது, என்றாள். பிறகு, முதல் தட்டை முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கோ என்று சொல்லி ஹெட்போனை என் காதில் வைத்தாள்.

ஒரு பக்கம் முழுவதும் கேட்டேன். சந்தையில் வழக்குப் பேசுகிறவன் குரல். என்ன சொல்கிறான் என்று தெரியாது, கோபம் தெரிந்தது. ஒன்று கவனித்தேன். அத்தனை இரைச்சலும் தாளத்தில் நின்றது. இம்மி பிசகவில்லை. கெட்டுப்போன செட்டு தாளத்தில் இரையாது. அணைக்காமல் இன்னும் நாலு மூச்சு கேட்டிருந்தால் கல்யாண வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

கீழே வந்து மாசிலாமணியிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. அவளும் நீரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்ணுகிறீர்கள் என்றான். கூலி வாங்கவில்லை, கெடாததைப் பார்த்ததற்குக் கூலி கிடையாதாம். சாயா மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். களியக்காவிளையில் அதே போலீஸ்காரர். சாக்கை அடையாளம் கண்டுகொண்டார்.

"கேடு தீர்ந்துதா?"

"கேடே இல்ல சார்."

"பின்ன எதுக்கு இம்புட்டுத் தூரம் சுமந்தீரு?"

"கேடில்லண்ணு தெரிய."

சிரித்துவிட்டு, பஸ்ஸைப் போகச் சொன்னார்.

தம்பானூரில் அந்தத் தட்டைக் கேட்க மாடியில் ஓர் அறையும், அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளும் உண்டு. எங்கள் ஊரில் இரண்டும் கிடையாது. இங்கே அது வெறும் பழுதுதான். வீட்டுக்கு வந்ததும் செட்டை இணைத்தேன். குழாய் கட்டவில்லை, சின்ன ஸ்பீக்கர் மட்டும். முதலில் ஒரு மாதா பாட்டுப் போட்டேன். சரியாக இருந்தது. பிறகு அந்தத் தட்டைப் போட்டேன். என் மனைவி லீலா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து பிளக்கில் கை வைக்கப்போனாள்.

"அணையுங்க, எரிஞ்சிரப் போவுது!"

ஈரக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எரியாது. இது பாட்டு."

அவள் என்னையும் செட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்தப் பக்கம் முடிகிறவரை நான் அணைக்கவில்லை.