வக்கீலிடம் தேசம்மா கொடுத்த கடுதாசி

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தேசம்மாவும் அவள் மகன் லாசரும் கூரையில் ஒன்பது ஓடு மாற்றினார்கள். அவன் மேலே, அவள் கீழே. ஒவ்வொரு ஓட்டையும் அவள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்று சத்தம் வந்தால் ஏணியில் இரண்டு படி ஏறி நீட்டுவாள். சத்தம் மழுங்கினால் சுவரோரம் ஒதுக்கிவிடுவாள்.

"பார்த்துக் கால வையி நைனா. மூங்கி உளுத்துக்கீது."

"தெரியும்மா."

"இன்னாத்தத் தெரியும்? தந்தி ஆபீசுல ஓட்டு மேலயா ஒக்காந்துக்கினு கீற?"

கீழிருந்து அவள் சிரிப்பது கேட்டது. ஐந்தாவது ஓட்டை நீட்டும்போது சிரிப்பு நின்றிருந்தது.

"அந்த வக்கீல் மட்டும் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லட்டும். மொத்தக் கூரைக்கும் புது ஓடே போட்டுர்றேன். யாரு வூட்டுக்கு ஓடு மாத்துறோம்னே தெரியாம மாத்திக்கினு கீறோம்."

லாசர் ஓட்டை வாங்கிப் பொருத்தினான்.

"நாளைக்கி ஒரு நட என்கூட வர்றியா நைனா?"

"டூட்டிம்மா."

அவள் மறுபடி கேட்கவில்லை. அடுத்த ஓட்டைத் தட்டிப் பார்த்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், செப்டம்பர் மாதம். முந்தின நாள்தான் மாதா பிறந்த திருநாள். அம்மாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்த ஓடு மாற்றியதுதான்.

சாந்தோம் குப்பத்தில் செங்கல் சுவர் வைத்த வீடுகள் அப்போது மூன்றோ நாலோதான். அதில் ஒன்று தேசம்மாவுடையது. மனை மட்டும் வாடகை. "இந்த இடத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம், நான் தடை சொல்லமாட்டேன்" என்று பழைய மனைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடுதாசியை வைத்துக்கொண்டுதான் அவள் புருஷன் சுவர் எழுப்பினான். லாசருக்கு நாலு வயதாகும்போது கட்டுமரத்தோடு போனவன் திரும்பவில்லை. உடம்பு கரை ஒதுங்காததால் அவனுக்குக் கல்லறையும் இல்லை. அவன் கைபட்டது என்று அவளிடம் மிச்சம் இருந்தது அந்தச் சுவரும் அந்தக் கடுதாசியும்தான்.

அதன்பிறகு பதினெட்டு வருஷம் தலையில் கூடையோடு நடந்தாள். மந்தைவெளியில் தொடங்கி, அடையாற்றுப் பாலம் தாண்டி, பங்களாக்களின் பின்கட்டு வரைக்கும் போவாள். அந்த நடையில்தான் லாசர் படித்தான். தந்தி இலாகா பரீட்சை எழுதி, பயிற்சி முடித்து, மயிலாப்பூரில் தந்தி அனுப்பும் வேலைக்கு வந்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்த ஆபீஸ் இருக்கும் தெருவில் கூவி விற்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தச் சொல்லி அவன் கேட்கவில்லை. நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மனைக்காரர் செத்து, அவர் மகன் கடற்காற்று வாங்க பங்களா கட்ட வேண்டும் என்று நினைத்தான். ஜூன் மாதம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. லாசர் ஆபீசில் விசாரித்தான். வாடகை மனையில் வீடு கட்டியவர்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருந்தது. சம்மன் கிடைத்ததிலிருந்து ஒரு கெடுவுக்குள் மனு போட்டால், அந்த மனையைத் தனக்கே விலைக்குக் கேட்கலாம். கெடு தப்பினால் ஒன்றும் கேட்க முடியாது. இதை அம்மாவுக்கு இரண்டு தரம் விளக்கிச் சொன்னான். அவள் இரண்டாம் தரமே திருப்பிச் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல்.

கச்சேரி ரோட்டில் வக்கீல் துரைராஜ் இருந்தார். கெட்டிக்காரர் என்று பெயர். தேசம்மா அன்றைக்குக் கூடை எடுக்கவில்லை. சீயக்காய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, கடுதாசியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். சாயங்காலம் முகம் மலர்ந்து வந்தாள்.

"ஒத்துக்கினாரு நைனா."

"என்ன சொன்னார்?"

"நான் சொன்னேன். கடுதாசிய வச்சு கெடுவுக்குள்ள மனையக் கேட்டுரணும் சாமி, மனு போட்டுரலாமான்னு கேட்டேன். கடுதாசிய வாங்கிப் பார்த்தாரு. கேஸ் கட்டுல சேர்த்து வச்சிக்கினாரு."

"அவர் என்ன சொன்னார்னு கேக்கறேன்."

"ஒண்ணும் சொல்லல. அதான் சொல்றேனே, ஒத்துக்கினாருன்னு."

கரையில் அப்படித்தான். கட்டுமரம் வந்து மீனைக் கொட்டியதும் ஏலக்காரன் ஒரு விலையைக் கூவி, சுற்றி நிற்கும் பெண்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். வேண்டாதவள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நகராமல், வாய் திறக்காமல் நின்றவள் எடுத்துக்கொண்டவள். அப்புறம் 'நான் ஒன்றும் சொல்லவில்லையே' என்று யாரும் பேச முடியாது. பேசினவளுக்கு மறுநாள் கரையில் இடம் இல்லை. சின்னப் பெண்ணாகத் தாயோடு வந்த நாளிலிருந்து தேசம்மா நாற்பது வருஷம் நின்று பழகிய ஒழுங்கு அது. மனிதர்கள் எங்கேயும் அப்படித்தான் என்று அவள் எண்ணியதில் ஆச்சரியம் இல்லை.

லாசர் கற்றுக்கொண்ட ஒழுங்கு வேறு. கம்பியில் ஒரு செய்தியை அடித்துவிட்டால் மட்டும் அது போய்விட்டதாகாது. அந்தக் கோடியிலிருந்து 'கிடைத்தது' என்று சத்தம் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது அங்கே ஆள் இல்லை. பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். அன்றைக்கு அம்மா சொன்னதைக் கேட்டதும் அவனுக்கு அதுதான் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை. "சரிம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனான்.

ஜூலையில் அவள் ஆறு தரம் கச்சேரி ரோட்டுக்குப் போனாள். ஒவ்வொரு தரமும் கூடை எடுக்காத நாள். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பாள். குமாஸ்தா பாண்டுரங்கன்தான் வெளியே வருவார்.

"ஐயா கட்சிக்காரங்களோட பேசிக்கினு கீறாரு. அப்பால வா."

"நானும் கட்சிக்காரிதானே சாமி?"

"கேஸுன்னா இன்னா, மீனா? அன்னன்னிக்கே வித்துத் தீக்கறதுக்கு?"

"மீனாயிருந்தா தேவல. கெட்டுப்போச்சுன்னா நாத்தமாவது வரும். உங்க கட்டுக்குள்ள கெட்டுப்போனா எனுக்கு எப்படித் தெரியும்?"

பாண்டுரங்கன் கெட்டவர் இல்லை. இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். நல்ல நெத்திலிக் கருவாடு கிடைக்குமா என்றும் கேட்டுவைத்தார்.

இவ்வளவையும் அவள் வீட்டுக்கு வந்து நடித்துக்காட்டுவாள். கடைசியில் ஒரே கேள்விதான். "நீ கட் கட்டுனு தட்டுனா திருச்சினாப்பள்ளிலருந்து பதில் வருது. நான் ஆறு நாளு குந்திக்கினு இருந்தேன், கூப்பிடு தூரத்துல கீற மனுசன் வாயிலருந்து ஒரு பேச்சு வரல. இன்னா மாயம் இது?"

லாசருக்குத் தெரிந்த ஒன்றை அவன் அவளிடம் சொல்லவில்லை. வக்கீல் துரைராஜ் வாரத்துக்கு இரண்டு மூன்று தந்தி கொடுப்பார். தஞ்சாவூர் மிராசுதார் ஒருவருக்கு, மதுரையில் ஒரு மில்காரருக்கு. 'வழக்கு பதினாலாம் தேதிக்குத் தள்ளிவைப்பு. கவலை வேண்டாம். விவரம் தபாலில்.' அதை அனுப்பியது லாசரின் விரல்தான். கவுண்டருக்கு வெளியே அவர் நிற்பார், உள்ளே இவன். "அவசரம் மிஸ்டர்" என்பார். "இதோ சார்" என்பான். தேசம்மா கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். அந்த அம்மாள் உனக்கு யார் என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்று மாதம் அவன் "இதோ சார்" என்று மட்டும் சொன்னான்.

ஓடு மாற்றிய இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, கோர்ட் சேவகன் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். லாசர் வாசித்தான். பிரதிவாதி பக்கம் யாரும் ஆஜராகவில்லை. மனு எதுவும் போடவில்லை. வாதிக்குத் தீர்ப்பு. டிசம்பருக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

தேசம்மா தரையில் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். அழவில்லை.

"அவரு வேணான்னு சொல்லலியே நைனா," என்றாள். "வேணான்னு தலைய ஆட்டியிருந்தா நான் எழுந்து வேற ஆளப் பார்த்திருப்பேனே."

மறுநாள் லாசர் லீவு போட்டுப் பாரிமுனைக்கு டிராமில் போய் வேறொரு வக்கீலைப் பார்த்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். முப்பது நாளுக்குள் மனு போட்டால் தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அசல் கடுதாசி கையில் வேண்டும். அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

"நான் போய் வாங்கிவர்றேன்," என்றான் வீட்டுக்கு வந்து.

"வேணாம். குடுத்தவ நானு. நானே வாங்கியாறேன்."

"ஏன், நான் போனா என்ன?"

"உன் ஆபீசுக்கு வந்துபோற மனுசன் நைனா. உனுக்கு எதுக்கு?"

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று. வக்கீல் அங்கே வருவது தெரியும். அவன் கேட்காமல் இருப்பது தெரியும். ஏன் என்றும் தெரியும்.

வியாழக்கிழமை போய் வந்தாள். கடுதாசி கட்டில் எங்கேயோ இருக்கிறதாம், குமாஸ்தா தேடிவைப்பாராம், சனிக்கிழமை வரச் சொன்னார்களாம். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை கூடையோடு போனவள் மந்தைவெளியில் பாதி விற்காமல் திரும்பிவந்து படுத்தாள். காய்ச்சல். சனிக்கிழமை எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனான். திங்கட்கிழமை விடியலில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்தது. ஏழாம் நாள் பூசை முடிந்தது. லாசர் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். வேலை முடிந்து தினமும் கச்சேரி ரோட்டுத் திருப்பம் வரைக்கும் போவான். அங்கிருந்து வக்கீல் வீட்டு வேப்பமரம் தெரியும். அதன் நிழலைப் பார்த்ததும் கால் திரும்பிவிடும். பாரிமுனை வக்கீல் சொன்ன முப்பது நாளில் இருபத்தெட்டு அப்படிக் கழிந்தது.

இருபத்தெட்டாம் நாள் பாண்டுரங்கன் தந்தி கொடுக்க வந்தார். காகிதத்தை நீட்டியவர் கறுப்புப் பட்டியைக் கவனித்தார்.

"அடடா. யாரு தம்பி?"

"அம்மா."

"த்சொ, த்சொ. வயசாயிருந்ததா?"

"அம்பது இருக்கும்."

"போற வயசில்லியே." தந்திக்கான காசு எண்ணப்படும் வரை நிற்க வேண்டியிருந்ததால் அவர் பேசிக்கொண்டே நின்றார். "எங்ககிட்டயும் ஒரு மீன்காரம்மா வந்துக்கினு இருந்தா. தேசம்மான்னு பேரு. நாக்கு இருக்கே, அரம்! வூடு போச்சு, பாவம். கடேசியா வந்தப்போ ஐயா கேட்டாரு, 'எழுதப் படிக்கத் தெரிஞ்ச பசங்க யாரும் உனக்கு இல்லியாம்மா? ஒருத்தன் வந்து திட்டமாச் சொல்லியிருந்தா நான் கவனிச்சிருப்பேனே'ன்னு. அதுக்கு அவ இன்னா சொன்னா தெரியுமா? 'எனுக்கு யாருமில்ல சாமி'ன்னுட்டா. கடுதாசிய வாங்கிக்க சனிக்கெழம வர்றேன்னா, எனுக்குக் கருவாடு எடுத்தாறேன்னா. நானும் தேடி எடுத்து மேசை மேலயே வச்சுக்கினு கீறேன். ஆளையே காணோம்."

லாசர் காகிதத்தைப் பார்த்தான். தஞ்சாவூருக்கு. பன்னிரண்டு சொல்.

"சீக்கிரம் தட்டிடு தம்பி. ஐயா கேப்பாரு."

"இதோ சார்," என்றான்.

பாண்டுரங்கன் போய்விட்டார். லாசர் செய்தியை அடித்தான். அந்தக் கோடியிலிருந்து 'கிடைத்தது' என்று சத்தம் வந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவின் மூலையை முதல் முறையாக ஒழுங்குபடுத்த உட்கார்ந்தான். கூடை கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. சும்மாடு அதன்மேல். சுவரில் ஆணியில், மாதா படத்துக்குக் கீழே, செய்தித்தாளில் கட்டிய ஒரு பொட்டலம் தொங்கியது. அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை, வாசனையே சொல்லியது. நெத்திலி. தலை கிள்ளி, மணல் உதறி, நல்லதாகப் பொறுக்கி எடுத்தது. சனிக்கிழமை கையில் மாட்டிக்கொண்டு போவதற்காகச் சணல் கயிற்றில் மேலே ஒரு வளையம் விட்டு முடிச்சுப் போட்டிருந்தாள். முடிச்சு இறுக்கமாக இருந்தது.