உழுத காட்டுக் காற்று

நாச்சிமுத்துவுக்குச் சண்டை இல்லாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. பக்கத்துக் காட்டுக்காரன், பால்காரன், பஞ்சாயத்து போர்டு, கட்டிய சம்சாரம் சென்னியம்மாள் என்று எல்லோர் மேலும் அவனுக்கு ஒரு கடுப்பு உண்டு. ஆனால் அதெல்லாம் சில்லறை. மொத்தக் கடுப்பையும் அவன் சேர்த்து வைத்திருந்தது தம்பி அர்த்தநாரிக்காக.

அர்த்தநாரி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவன். வடக்கே மராட்டியப் பக்கம் பல வருடம் கிடந்தான். மற்றவர்கள் அங்கிருந்து காசோடு திரும்பினார்கள்; இவன் ஒரு இறக்கையோடு திரும்பினான். அலுமினியக் குழாயில் துணி கட்டிய முக்கோண இறக்கை. அதன் அடியில் தொங்கிக்கொண்டு மலையிலிருந்து பாய்வதற்கு அங்கே யாரோ பழக்கிவிட்டிருந்தார்கள். பனமரத்துப்பட்டிப் பக்கத்து மலைகளில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற வழி ஏது? ஏற்காட்டு மலைக்குக் கொண்டுபோகலாம் என்றால் அந்த நீளத்துக்கு எந்த பஸ்காரனும் ஏற்றமாட்டேன் என்கிறான். கடைசியில் அர்த்தநாரி மரம் அறுக்கும் மெஷினிலிருந்து எஞ்சினைக் கழற்றி, பின்னால் ஒரு மரவிசிறி மாட்டி, இறக்கையோடு பூட்டிவிட்டான்.

"இனி மலையே வேண்டாம்ண்ணா. தரிசுல நாலு எட்டு ஓடுனாப் போதும், காலு தானா மேல வந்துரும். மேல போயி பருந்து சுத்தற எடத்தப் புடிச்சுட்டா எஞ்சின அமத்திரலாம். பொறவு சத்தமே இல்ல, சூட்டுக்காத்தே தூக்கிக்கிட்டுப் போவும். அந்தச் சொகத்துக்குத்தான் இத்தனையும். நீயும் ஒருக்கா வந்து பாரு."

நீயாம். பெற்ற பிள்ளையிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற சீமையில் கூடப்பிறந்த அண்ணனை நீ, வா, போ என்கிறான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அந்த எரிச்சலோடு கோழிப் பண்ணை எரிச்சலும் சேர்ந்துகொண்டது. இறக்கையின் நிழல் கொட்டகை ஓரம் விழுந்த அன்று, பெரிய பருந்து வந்துவிட்டதென்று கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அடியில் சிக்கியவை நசுங்கிச் செத்தன.

எண்பத்து மூன்றாம் வருடக் கோடையில் மகள் மயிலம்மாளுக்கு ஆத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. சவ்வரிசி ஆலைக்காரர் ராசப்பனின் மகன். தம்பியைப் பற்றி அவர்கள் கேட்டபோது, "ரிக்குல வடக்க இருக்கறானுங்க" என்று நாச்சிமுத்து கூசாமல் சொன்னான். ஆகாயத்தில் தொங்குகிறவன் பெண்ணுக்குச் சித்தப்பன் என்று தெரிந்தால் பைத்தியக்காரக் குடும்பம் என்று எழுந்து போய்விடுவார்கள். முந்தி வந்த வரன் அப்படித்தான் கை நழுவியது. மகள் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

பெண் பார்க்க வருவதற்கு முன்பே தம்பி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"வெள்ளிக்கெழம அந்தச் சனியனத் தூக்கிக்கிட்டு ஓடுன, கால ஒடச்சுப்போடுவேன்."

"வெள்ளிக்கெழம என்ன விசேசம்ண்ணா?"

"உனக்கெதுக்குடா அது?"

"காத்து இருந்தா ஏறுவேன். நீ போயி உன்ற கோழியப் பாரு."

அர்த்தநாரி ஓடிப் பழகிய தரிசு நாச்சிமுத்துவின் பங்கு. மறுநாளே டிராக்டரை விட்டு மூலை முடுக்கு விடாமல் உழுதான். விதைக்க மழையும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை, விதைப்பதற்கா உழுதான்? செம்மண் கட்டி கட்டியாகப் புரண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயில். ராசப்பன் கேசரியை வாயில் வைக்கவும் தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. படுபாவி, வறண்டு கிடந்த ஏரிக்குள் இறக்கையைச் சுமந்து போய் அங்கிருந்து ஓடியிருக்கிறான். சத்தம் நெருங்கி வந்து, உழுத காட்டுக்கு மேலே பட்டென்று நின்றது.

விழுந்தான் என்று நாச்சிமுத்துவுக்கு ஒரு சந்தோசம் வந்தது. வந்த வேகத்திலேயே அது போய்விட்டது. எல்லோருக்கும் முன்னால் வெளியே ஓடினான்.

விழவில்லை. காட்டுக்கு மேல் பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன, அவற்றின் நடுவே தம்பியும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் மேலே போனான். கீழே புரட்டிப்போட்ட மண் அடுப்புக்கல் போலச் சுட்டு, கானல் அலையலையாக எழும்பியது. தான் கூலி கொடுத்து உழுத காடுதான் தம்பியைத் தூக்குகிறது என்று நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. பல்லைக் கடித்தான்.

"யாருங்க அவரு?" என்றார் ராசப்பன், கையால் வெயிலை மறைத்துக்கொண்டு.

"எவனோ கிறுக்கனுங்க. எங்களுக்குத் தெரியாதுங்க."

அண்ணனைக் கேலி செய்யாமல் போக அர்த்தநாரிக்கு மனம் வரவில்லை. உழுத புழுதியிலேயே இறங்கி, இறக்கையைக் கிடத்திவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தான். வாசலில் நின்ற காரையும் வெற்றிலைத் தட்டையும் பட்டுச் சேலையில் மயிலம்மாளையும் கண்டதும் சிரிப்பு நின்றது. அண்ணனைப் பார்த்தான். அந்த முகத்தில் கெஞ்சல் கிடையாது, அப்போதும் முறைப்புதான்.

"எந்த ஊருங்க நீங்க?" என்று ராசப்பன் கேட்டார்.

"கொண்டப்பநாயக்கன்பட்டிங்க, ஏற்காட்டு மலையடிவாரம். காத்து இங்க கொண்டாந்து உட்டுருச்சு."

"இவங்களத் தெரியுமா?"

"இப்பத்தானுங்க பாக்கறேன். கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

மயிலம்மாள் சொம்பைக் கொண்டுவந்தாள். சித்தப்பா என்று அவள் வாயெடுக்கும் முன் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா இரு சாமி" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

சம்பந்தம் முடிந்தது. கல்யாணத்துக்கு அர்த்தநாரி வரவில்லை; கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரனுக்கு அங்கே என்ன வேலை?

மகளை ஆத்தூருக்கு அனுப்பிய கையோடு நாச்சிமுத்து தம்பி வீட்டுக்குப் போனான். நன்றி சொல்ல அல்ல, அந்த வார்த்தை அவன் வாயில் என்றைக்கும் வராது. ஒரு சண்டை போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினான்.

"டேய், கோழி இன்னைக்கும் முட்ட போடலடா! எல்லாம் உன்னாலதான்!" என்று கத்திக்கொண்டே நுழைந்தான்.

விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த அர்த்தநாரி எழுந்தான். மரியாதையாக ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டான்.

"வாங்க, உக்காருங்க," என்றான். "எந்த ஊருங்க நீங்க?"