நெருஞ்சி முள்ளும் நான் கேட்ட லொறியும்

புல்மோட்டையை விட்டுக் குச்சவெளிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வெயில் நன்றாக ஏறிவிட்டது. முதல்நாள் பின்னேரத்திலிருந்து எனக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. இடது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி அடிவயிறு வரை இறங்கியிருந்தது. அறுபதுகளின் கடைசி, ஆவணி மாதம். எனக்கு இருபத்தாறு வயது.

புல்மோட்டையில் கடற்கரை மண் அள்ளினேன். தண்ணீர்ப் பீப்பாய் தூரத்தில் இருந்தது. போய்வரப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் தாகத்தை அடக்குவேன். அதற்கு முன் கிளிவெட்டியில் நெல் வெட்டினேன். அதற்கு முன் வேறெங்கோ. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த வேலையையும் சொல்லிக்கொள்ளாமல் விட்டுப் போவதே பழக்கம். அன்றும் அப்படித்தான் வெளிக்கிட்டேன். நோவைச் சொல்லியிருந்தால் யாராவது வண்டியில் ஏற்றி விட்டிருப்பார்கள். சொல்ல வெட்கம்.

பஸ்ஸைக் காணவில்லை. திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராவிட்டால் சாவுதான் என்று பட்டது. பல வருடமாக ஜெபம் செய்யாதவன், நடுத்தெருவில் நின்று செய்தேன். “ஆண்டவரே, ஒரு லொறி அனுப்பும்.” அவ்வளவுதான். என்ன நோவு என்று அவரிடமும் சொல்லவில்லை.

லொறி வரவில்லை. காலில் நெருஞ்சி முள் ஏறியது. அதுவும் பெருவிரலுக்குக் கீழே, ஆழமாக. உட்கார்ந்து பிடுங்கினேன். சுற்றிலும் தரையோடு படர்ந்து சின்ன மஞ்சள் பூக்கள். எல்லாம் ஒரே பக்கமாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் அதை மிதித்துத் திட்டியிருக்கிறேன். அது எங்கே பார்க்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

உட்கார்ந்ததால் கருவாட்டு மணம் மூக்கில் பட்டது. தெருவிலிருந்து கடல்பக்கம் ஒரு மீன்வாடி, மீன்பிடிப்பவர்கள் தங்கும் கொட்டில். தண்ணீர் கேட்கலாம் என்று நொண்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு பெண் கயிறு கட்டிய ஈரச் சாக்கை மணலில் இழுத்துக்கொண்டிருந்தாள். நெத்தலி காயப்போடும் இடம் அது. மணலில் நெருஞ்சி கிடந்தால் மீனோடு ஒட்டி, தின்பவன் தொண்டைக்குப் போகும். அதனால் மீனைப் பரப்புமுன் ஈரச் சாக்கை இழுத்து முள்ளை எடுத்துவிடுவார்கள். அது தெரியாமல் அவள் இழுத்து முடித்த மணலுக்குக் குறுக்கே நடந்தேன். என் இடுப்புச் சாரத்தின் விளிம்பெல்லாம் ஒட்டியிருந்த முள் மணலில் உதிர்ந்தது.

“இப்பதானே எடுத்து முடிச்சன். நீங்க என்ன, விதைக்க வந்தீங்களா?” என்றாள்.

அவள் பெயர் கதீஜா. என்னைவிட மூத்தவள். முஸ்லிம் பெண்களை அழைப்பதுபோல ராத்தா என்றேன். முகத்தைப் பார்த்ததும் அவள் ஏச்சை நிறுத்தி உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டாள். பெண்ணிடம் எப்படிச் சொல்வது? வயிற்றுவலி என்றேன். ஓமத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. நன்றி சொல்லிப் புறப்பட்டேன்.

தோணியிலிருந்து வலையோடு வந்த அவள் புருஷன் இஸ்மாயில் நானா வழியை மறித்தார். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்.

“தம்பி, வயித்துவலிக்காரன் குந்துவான். நீங்க குந்தவும் ஏலாம, நிக்கவும் ஏலாம ஆடுறீங்க. மூத்திரம் போகுதா?”

ராத்தா செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் போய்விட்டாள்.

“இல்லை நானா. நேற்றிலிருந்து சொட்டுத்தான்,” என்றேன். உள்ளதை உள்ளபடி அன்று முதலில் சொன்ன வாய்வார்த்தை அதுதான்.

“வந்த உடனே சொல்லியிருந்தா ஓமத்தண்ணியாவது மிஞ்சியிருக்கும்,” என்றார்.

போன வருடம் அவருக்கும் இதே வருத்தமாம். பிஸ்கட் தகரம் ஒன்றைத் திறந்தார். உள்ளே சாக்கில் ஒட்டிய நெருஞ்சி முள். ராத்தா அலசிக் காயவைத்தது. ஒரு கைப்பிடியை இடித்து, கொத்தமல்லியோடு நான்கு கோப்பைத் தண்ணீரில் போட்டு ஒரு கோப்பையாக வற்றவைத்தார். வலிக்குள்ளும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. குத்துகிற முள் எப்படி நானா சுகம் தரும்?

“மூத்திரக் கல்லக் குத்தி உடைக்கும் எண்டு வைத்தியம் பாத்த பரிசாரி சொன்னார். குத்தினத நான் பாக்கல்ல. கல்லு வந்தத மட்டும்தான் பாத்தன்,” என்றார். பின்னேரம்வரை பார்ப்போம், இல்லாவிட்டால் தோணியில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோவேன் என்றும் சொன்னார்.

மத்தியானம் ஒரு தரம், பிறகு ஒரு தரம் குடித்தேன். இடையில் செம்பு செம்பாகத் தண்ணீர். நானா தோணியின் ஒரு பக்கத்தில் பின்னேரத் தொழுகையான அசரைத் தொழுதார். மறுபக்கத்தில் நான் முழங்காலில் நின்றேன். இந்தத் தரம் லொறி கேட்கவில்லை. “ஆண்டவரே, எனக்குச் சிறுநீர் போகவில்லை. பயமாக இருக்கிறது,” என்றேன். வெயில் சாயுமுன் உயிர் போகிற வலி ஒன்று வந்தது. பிறகு எல்லாம் திறந்தது. மிளகில் பாதி அளவில் ஒரு கல். மணலில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தச் செடியைப் பற்றி அதன்பின் போகிற இடமெல்லாம் விசாரித்தேன். சிறுநீர் எரிவுக்கும் வெயில் சூட்டுக்கும் அதையே காய்ச்சுகிறார்கள். ஆனைநெருஞ்சி என்று வேறொன்று இருக்கிறது. அதன் பச்சை இலையைத் தண்ணீரில் ஆட்டினால், தண்ணீர் முட்டை வெள்ளைபோலக் கொழகொழத்துவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் ஆட்டிப் பார்த்தேன். உண்மைதான். பிறகு ஆஸ்பத்திரியிலும் உடம்பைக் காட்டினேன். தண்ணீர் குடி என்று டாக்டர் ஏசினார்.

இதைக் கேட்கும் சகோதரரே, முள்தான் என்னை உட்கார வைத்தது. லொறி வந்திருந்தால் அதன் டிரைவரிடமும் வயிற்றுவலி என்றுதான் சொல்லியிருப்பேன். எதில் வரவேண்டும் என்று ஆண்டவருக்கு இப்போது நான் சொல்வதில்லை. எங்கே நோகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நீங்களும் வெட்கப்படாமல் அதைச் சொல்லிப் பாருங்கள்.

அன்றிரவு வாடியிலேயே தங்கினேன். மறுநாள் காலை, வேலை இருக்கிறதா என்று கேட்டேன். எத்தனை நாள் நிற்பீர்கள் என்றார் நானா. வழக்கமாக நிறைய நாள் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறவன், தெரியாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டு ஈரச் சாக்கின் கயிற்றைக் கையில் தந்தார்.

“முள்ளு இரிக்குமட்டும் வேலை இரிக்கி.”

நேற்று நான் கொண்டுவந்து சிந்திய இடத்திலிருந்து இழுக்கத் தொடங்கினேன்.